கதவு சாத்தியிருக்கும்போது

எண்பத்தைந்தாம் வருடத்து பென்ஸ்.
ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலையில் இறக்கலாம்.
இன்று இருபத்தோராவது நாள்.
இடப்பக்கக் கண்ணாடி
கீழே போனது போனதுதான்.

புக்கிட் பாத்தோக், பலமாடிக் கார்ப்பேட்டையின் மேல்தளம்.
கீழே இடமில்லை.
தெங்கா பக்கமிருந்து மேகம் ஏறி வருகிறது,
யாரும் பொத்தானை அமுக்காமலே.

ஃபியூஸ் பார்த்தாயிற்று.
பீங்கான் உடம்பின் நுனியில் பூத்திருந்த வெள்ளையை
விரலால் உருட்டித் தேய்த்தேன்.
அதே ஃபியூஸில் பின்கண்ணாடி ஏறி இறங்குகிறது,
ஆகவே அது நிரபராதி.
சுவிட்சைக் கழற்றி வலப்பக்கத்துக்கு மாற்றினேன்.
அங்கே போய் ஒழுங்காக வேலை செய்கிறது,
மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

சின் மிங்கில் சியோங் இரண்டு முறை
கதவின் உட்பலகையைப் பெயர்த்துப் பார்த்தார்.
மோட்டார் நல்லது. கிரீஸ் புதிது.
அடியில் விழுந்து கிடந்தது ஒரு பார்க்கிங் கூப்பன்,
தொண்ணூற்று மூன்று, ஜூன், மாலை ஐந்தரை என்று
வட்ட வட்டமாகக் கிழித்தபடி.
யார் அபராதம் கட்டினார்களோ.
கதவை விரியத் திறந்துவைத்து அவர் அமுக்கினால்
பட்டுப்போல் ஏறியது கண்ணாடி.
"கோளாறே இல்லை லா."
நாற்பது வெள்ளி.
வீடு வந்து சாத்தினால் மறுபடி ஊமை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
நின்றுபோனவைதான் எனக்குச் சோறு போடுகின்றன.
இது மட்டும் இரண்டு மாதமாக
என்னை உட்காரவைத்து வேடிக்கை பார்க்கிறது.

பக்கத்து இருக்கையில் குணாளன்.
மடியில் குப்பைப் பையும் ஒட்டுநாடாவும்.
டார்ச்சை எங்கே காட்டச் சொன்னாலும்
ஒரு சாண் தள்ளியே காட்டுகிறார்.
"செலேத்தார்க்காரர் இன்னிக்கும் கேட்டாரு."
"எந்தச் செலேத்தார்க்காரர்?"
"வண்டிக்கு."
"நீங்க என்ன சொன்னீங்க?"
டார்ச் அணைந்தது.
"விலை சொல்லிட்டேன்."

முதல் துளி அவர் முழங்கையில் விழுந்தது.
ஜன்னல் திறந்திருப்பதால்
இருவருமே குரலை உயர்த்தவில்லை.
இரண்டு வண்டி தள்ளி ஒருவர்
டுரியான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.
"என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"
"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவே."
உண்மை. அதற்காக?

கோபத்தில் என் கட்டைவிரல்
சுவிட்சிலேயே அழுந்திக் கிடந்தது.
கோபத்தில் அவர் கதவைத் தள்ளி இறங்கினார்.

கண்ணாடி எழுந்தது.

நான்கு அங்குலம் இருக்கும்.
படாரென்று சாத்தினார். நின்றது.
"திறங்க!" என்று கத்தினேன்.
திறந்தார், ஏறியது.
"சாத்துங்க!" நின்றது.
நனைந்துகொண்டே திறந்தார், சாத்தினார், திறந்தார்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
டுரியான்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

கீலருகே ரப்பர்க் குழாய்.
அதற்குள் ஒரு பழுப்பு ஒயர்
இத்தனை வருடமும் மடங்கி நிமிர்ந்து மடங்கி,
மேல்தோல் முழுசாக, உள்ளே செம்பு மட்டும் அறுந்து.
திறந்தால் முனைகள் தொட்டுக்கொள்கின்றன.
சாத்தினால் விலகிவிடுகின்றன.
லிஃப்ட்டில் கதவு சாத்தினால்தான் கூண்டு நகரும்.
பதினாறு வருடம் அதையே பார்த்தவளுக்கு
இந்தத் தலைகீழ் தோன்றவேயில்லை.

கடைசியாக ஒருமுறை திறந்து பிடித்தார்.
விளிம்புவரை ஏறி ஃபெல்ட்டில் முட்டி நின்றது கண்ணாடி.
மெதுவாகச் சாத்தினார்.

மழை வலுத்துவிட்டது.
வெளியே நின்றபடி என்னவோ சொன்னார்.
விலையா, மன்னிப்பா,
வழியும் தண்ணீருக்குப் பின்னால்
வாயசைவு மட்டும்.
இறக்கிக் கேட்கலாம் என்று அமுக்கினேன்.
அசையவில்லை.

கதவு சாத்தியிருக்கிறதே.